450 வரி, 450 மெனு: மண்டபம் தம்பிக்குப் பதில்

கேள்வி:

அக்கா, வணக்கம். மண்டபத்திலிருந்து எழுதுகிறேன். படிப்பு முடித்து மூன்று வருஷம் ஆகிறது. நானும் என் நண்பனும் சேர்ந்து எங்கள் பக்கத்து மீன் தரகர்கள் சிலருக்காக ஒரு வெப் ஆப் செய்து கொடுத்திருக்கிறோம். எந்தப் படகில் என்ன மீன் வந்தது, எத்தனை கிலோ, ஏலத்தில் என்ன விலைக்குப் போனது, யார் எடுத்தார், பணம் வந்ததா, பாக்கியா என்பதெல்லாம் ஒரே பக்கத்தில் தெரியும். திரையைத் துண்டு துண்டாகக் கட்டும் ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியில் எழுதினோம். எதையும் இரண்டு தடவை எழுதக் கூடாது என்று பிடிவாதமாக எல்லாவற்றையும் கம்போனென்டாக, அதாவது மறுபடி மறுபடி பயன்படுத்தக்கூடிய துண்டாக, ஆக்கினேன். மீன் பெயருக்கு ஒன்று, எடைக்கு ஒன்று, விலைக்கு ஒன்று, படகுப் பெயருக்கு ஒன்று, பொத்தானுக்கு ஒன்று, மூன்று புள்ளி மெனுவுக்கு ஒன்று என ஒரு வரிக்குள் மட்டும் 14 இருக்கின்றன. விசைப்படகு வந்து சேரும் நாளில் 450 வரி வரை வரும். என் லேப்டாப்பில் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் தரகர் கையில் இருக்கும் போனில் பக்கம் திறக்கவே எட்டு, பத்து நொடி ஆகிறது. தேடும் பெட்டியில் ‘நகரை’ என்று மீன் பெயரை அடித்தால் ஒவ்வொரு எழுத்தும் தயங்கித் தயங்கி வருகிறது. ‘கம்போனென்டை இப்படிக் குவித்ததால்தான் இந்த வினை, எல்லாவற்றையும் பிரித்துப்போட்டு ஒரே பைலில் எழுது’ என்கிறான் நண்பன். ஒன்றரை வருஷ வேலை அக்கா. தடைக்காலம் முடிய இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. பிரித்துப்போடவா, வேண்டாமா?

பதில்:

தம்பி, பிரித்துப்போட வேண்டாம். ஆனால் உங்கள் நண்பர் சொல்வதைத் தள்ளியும் விடாதீர்கள். அவர் கை காட்டும் இடம் சரி. காரணத்தைத்தான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறார்.

நான் பாம்பனில் பிறந்து வளர்ந்தவள். ஏலக் கூடத்தில் ஒரு குவியல் மீன் எத்தனை நொடியில் கைமாறும் என்பது சின்ன வயதிலேயே கண்ணில் பட்டது. அந்த இடத்தில் ஒரு கையில் கூடையும் இன்னொரு கையில் போனுமாக நிற்கிற ஆளுக்கு, எழுத்து தயங்கி வருவது சாதாரண எரிச்சல் இல்லை. அவர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டுப் பழையபடி நோட்டில் எழுதப் போய்விடுவார். அப்புறம் அவரைத் திரும்பக் கூட்டிவருவது கஷ்டம். அதனால் உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், ஒரு கம்போனென்டுக்கு என்ன செலவு? ரியாக்டில் அது ஒரு ஃபங்ஷன். அதைக் கூப்பிட வேண்டும், அது திருப்பித் தரும் விவரத்தைப் போன தடவை தந்ததோடு ஒப்பிட வேண்டும், மாறியிருந்தால் திரையில் மாற்ற வேண்டும். தனியாகப் பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. உங்களுடையதில் ஒரு வரிக்கு 14, வரி 450, ஆக 6,300. தேடும் பெட்டியில் அடித்த எழுத்தைப் பக்கத்தின் உச்சியில் ஸ்டேட்டாக (மாறினால் திரையும் மாற வேண்டிய தகவலாக) வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், பெரும்பாலும் எல்லோரும் அங்கேதான் வைப்பார்கள். உச்சியில் ஸ்டேட் மாறினால் கீழே இருக்கிற எல்லாக் கம்போனென்டையும் ரியாக்ட் மறுபடி கூப்பிடும். நாம் தடுக்காதவரை அதன் இயல்பு அதுதான். ‘நகரை’ என்று அடிக்க ந, க, ர, ஐகாரக் குறி என நான்கு தட்டு. முதல் இரண்டு, மூன்று தட்டில் வரிகள் அதிகம் குறையாது. ஒரு கணக்குக்கு, மலிவான போனில் ஒரு கம்போனென்டுக்கு 0.05 மில்லி நொடி என்று வைத்துக்கொள்வோம். 6,300-க்கு 315 மில்லி நொடி. திரை ஒரு நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்படுகிறது என்றால் ஒரு தடவைக்குக் கிடைப்பது 16.7 மில்லி நொடிதான். தட்டினால் பக்கம் எவ்வளவு சீக்கிரம் பதில் சொல்கிறது என்பதை அளக்க கூகுள் ஐஎன்பி என்று ஓர் அளவை வைத்திருக்கிறது. 2024 மார்ச்சிலிருந்து அது அவர்களுடைய முக்கிய அளவைகளில் ஒன்று. 200 மில்லி நொடிக்குள் இருந்தால் நல்லது என்பது அவர்கள் கணக்கு. நாம் ஒரு கம்போனென்டுக்குள் உருப்படியாக எதுவுமே செய்யாமல், வெறுமனே கூப்பிட்டதற்கே 315 ஆகிவிட்டது.

ஆகவே பார்க்க வேண்டியது மூன்று: எத்தனை இருக்கின்றன, எத்தனை தடவை கூப்பிடப்படுகின்றன, ஒவ்வொன்றுக்குள்ளும் என்ன வேலை நடக்கிறது. மூன்றும் ஒன்றோடொன்று பெருகும். நண்பர் முதலாவதை மட்டும் பார்க்கிறார். எல்லாவற்றையும் பிரித்துப்போட்டு ஒரே கம்போனென்டாக எழுதினால் அந்த 14 ஒன்றாகும். மற்ற இரண்டும் அப்படியே இருக்கும். என் அனுபவத்தில் வலி அதிகம் இருப்பது மூன்றாவதில். காரணம், மறுபடி பயன்படுத்துகிற கம்போனென்டின் நல்ல குணமே உள்ளே நடப்பதை மறைப்பதுதான். பெயரைச் சொல்லி ஒரு வரியில் கூப்பிடுகிறோம், அதன் விலை கண்ணில் படுவதில்லை.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல வருஷத்துக்கு முன் ஒரு சரக்குப் போக்குவரத்து வேலைக்காக வண்டிப் பெயர் காட்டும் கம்போனென்ட் ஒன்று எழுதினேன். வண்டி எண்ணைக் கொடுத்தால் போதும், அதுவே சர்வரைக் கேட்டு உரிமையாளர் பெயரைக் கொண்டுவந்து காட்டும். ஒரு வண்டியின் விவரப் பக்கத்தில் அது அருமையாக இருந்தது. ஆறு மாதம் கழித்து வேறொருவர் அதையே எடுத்து 300 வண்டி உள்ள பட்டியலில் போட்டார். அவர் மேல் தப்பே இல்லை, மறுபடி பயன்படுத்தத்தான் நான் எழுதி வைத்திருந்தேன். பட்டியலைத் திறந்தால் 300 கோரிக்கை சர்வருக்குப் போனது.

உங்கள் பக்கம் திறக்க எட்டு, பத்து நொடி ஆவதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று என் மனம் சொல்கிறது. ‘படகுப் பெயர்’ கம்போனென்டைத் திறந்து பாருங்கள். உள்ளே யூஸ்எஃபெக்ட் (திரையில் வந்த பிறகு தானாக ஓடும் கோட்) போட்டு, படகு எண்ணை வைத்துச் சர்வரைக் கேட்கிறதா? ராமேசுவரத்தில் விசைப்படகு தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும், மீனை வத்தை என்ற சின்னப் படகில் ஏற்றித்தான் கரைக்குக் கொண்டுவருவார்கள். வத்தை நிறைய ஏற்றி வருவதை விட்டுவிட்டு ஒரு நடைக்கு ஒரு மீன் என்று யாராவது கொண்டுவருவார்களா? 450 வரியும் தனித்தனியாகக் கேட்பது அந்த வேலைதான். பழைய எச்டிடிபி 1.1 இணைப்பு என்றால் பிரவுசர் ஒரு சர்வரிடம் ஒரே நேரத்தில் ஆறு கேள்விதான் கேட்கும், மீதி வரிசையில் நிற்கும். எச்டிடிபி 2 இருந்தால் எல்லாம் ஒரே இணைப்பில் போகும். ஆனாலும் சர்வரும் டேட்டாபேஸும் 450 தடவை பதில் சொல்லியாக வேண்டும். கேஷ் செய்கிற, அதாவது வாங்கிய பதிலை நினைவில் வைத்துக்கொள்கிற லைப்ரரி போட்டால் ஒரே படகை இரண்டாம் தடவை கேட்காது, 450 என்பது 60 படகுக்கு 60 ஆகலாம். அது நிவாரணம், தீர்வு இல்லை. சரக்குப் பட்டியலை அனுப்பும்போதே சர்வர் படகுப் பெயரையும் சேர்த்து ஒரே நடையில் அனுப்பட்டும். கம்போனென்ட் கையில் கொடுத்த பெயரைக் காட்டுவதோடு நிற்கட்டும். பட்டியலுக்குள் வரும் எந்தக் கம்போனென்டும் தானாகச் சர்வரைக் கேட்கக் கூடாது என்று உங்கள் இருவருக்குள் ஒரு விதியே வைத்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

அடுத்து அந்த மூன்று புள்ளி மெனு. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் உறுத்தியது அதுதான். ஒவ்வொரு வரியிலும் ஒரு மெனு, அதற்குள் ‘திருத்து, நீக்கு, பாக்கி குறி, ரசீது அனுப்பு’ என்று நான்கைந்து உருப்படி, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஐகான். மெனு மூடியிருக்கும்போது சிஎஸ்எஸ்ஸில் மறைத்து மட்டும் வைத்திருந்தால் அது பக்கத்தில் இருந்துகொண்டேதான் இருக்கும். ஒரு மெனுவுக்கு 20 எச்டிஎம்எல் உறுப்பு என்றால் 450 மெனுவுக்கு 9,000. யாரும் திறக்காத, காலை முழுக்க யாருமே தொடப்போகாத 9,000. ஒரு பக்கத்தில் உறுப்புகள் அளவுக்கு மீறிக் குவிந்தால் பிரவுசரின் வேலை கூடும். உறுதிப்படுத்தச் சொல்லும் பெட்டி, தேதி தேர்வு, டூல்டிப் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஒவ்வொரு வரிக்கும் ஒன்று செய்து மூடி வைத்திருப்போம்.

சரி செய்வது எளிது. பக்கத்துக்கு ஒரே ஒரு மெனு போதும். வரியில் இருப்பது வெறும் பொத்தான். அதைத் தட்டினால் எந்த வரி என்ற எண் மேலே போகும், அந்த வரிக்குப் பக்கத்தில் ஒற்றை மெனு திறக்கும். இந்த ஒரு மாற்றமே உங்கள் பக்கத்தின் எடையில் பாதியைக் குறைத்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். ஐகான்களையும் பாருங்கள். ஒரே எஸ்விஜி படத்தின் முழு வரைவும் 450 தடவை பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும். ஓரிடத்தில் சிம்பலாக வைத்து, மற்ற இடங்களில் யூஸ் டேக் கொண்டு சுட்டிக்காட்டினால் போதும்.

விலைக் கம்போனென்டுக்குள்ளும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். ₹1,25,000 என்று நம் ஊர் முறையில் லட்சக் கமா போடுவதற்கு டூலோக்கேல்ஸ்ட்ரிங் என்று எழுதியிருப்பீர்கள். மொழியைக் கொடுத்து அதைக் கூப்பிடுகிற ஒவ்வொரு தடவையும் அந்த மொழியின் விதிகளைத் தேடி எடுக்கும் வேலை பின்னால் நடக்கலாம். ஒன்றிரண்டு இடத்தில் தெரியாது, 450 வரியில் ஒவ்வொரு எழுத்துக்கும் நடந்தால் தெரியும். இன்டல் நம்பர்ஃபார்மேட் (Intl.NumberFormat) ஒன்றைக் கம்போனென்டுக்கு வெளியே, பைலின் மேலே, ஒரே தடவை உருவாக்கி வைத்துக்கொண்டு அதையே எல்லா விலைக்கும் பயன்படுத்துங்கள். தேதிக்கும் அப்படியே. மாற்ற ஐந்து நிமிஷம் ஆகாது.

இப்போது எழுத்து தயங்கும் விஷயம். இங்கேதான் ‘எத்தனை தடவை’ என்ற கேள்வி வருகிறது. பெட்டியில் அடித்த எழுத்து உடனே தெரிய வேண்டும், பட்டியல் கொஞ்சம் பொறுத்து மாறினால் யாரும் கோபப்பட மாட்டார்கள். ரியாக்ட் 18-லிருந்து யூஸ்டிஃபர்ட்வேல்யூ என்று ஒன்று இருக்கிறது. பெட்டி புதிய எழுத்தை உடனே காட்டும், பட்டியல் பின்னால் அவசரமில்லாமல் மாறும், நடுவில் இன்னொரு எழுத்து வந்தால் பழைய வேலையைப் பாதியில் விட்டுவிடும். ஆனால் பட்டியலை மெமோவுக்குள், அதாவது கொடுத்தது மாறாவிட்டால் மறுபடி கூப்பிடாமல் விடும் உறைக்குள், போட்டிருந்தால்தான் இது பலன் தரும். இல்லாவிட்டால் பெட்டிக்காக நடக்கும் அவசர வேலையிலேயே பட்டியலும் சேர்ந்து ஓடிவிடும்.

மெமோ என்றதும், ‘அதெல்லாம் போட்டுப் பார்த்தேன் அக்கா, ஒன்றும் ஆகவில்லை’ என்று நீங்கள் சொல்லக்கூடும். நிறையப் பேர் சொல்கிறார்கள். கம்போனென்டுக்குக் கொடுத்த விவரங்கள், அதாவது ப்ராப்ஸ், எல்லாம் போன தடவை கொடுத்ததேதானா என்று மெமோ மேலோட்டமாக ஒப்பிடும். அதே பொருளா என்று பார்க்குமே தவிர, உள்ளடக்கம் ஒன்றா என்று பிரித்துப் பார்க்காது. வரியைக் கூப்பிடும் இடத்திலேயே ஆன்கிளிக்குக்கு ஒரு புது ஃபங்ஷன் எழுதினால், ஸ்டைலுக்கு ஒரு புது ஆப்ஜெக்ட் எழுதினால், ஒவ்வொரு தடவையும் அது புதியதுதான். மெமோ ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ‘மாறிவிட்டது’ என்று சொல்லி மறுபடி ஓடும். ஒப்பிட்ட வேலையும் வீண். வரிக்கு எண்ணையும், மாறாத ஒரே ஃபங்ஷனையும் கொடுங்கள். ஸ்டேட்டை மாற்றுவதற்கு யூஸ்ரெடியூசர் தருகிற டிஸ்பேட்ச் ஃபங்ஷன் எப்போதும் மாறாது, அதைக் கொடுத்தால் கவலையே இல்லை.

இன்னொரு ஓட்டை சர்வரிலிருந்து வருகிறது. ஐந்து நொடிக்கு ஒரு தடவை முழுப் பட்டியலையும் திரும்ப வாங்கி அப்படியே ஸ்டேட்டில் வைக்கிறீர்களா? ஒரே ஒரு நண்டுக் குவியலின் விலைதான் மாறியிருக்கும். ஆனால் சர்வர் ஜேசன் வடிவில் அனுப்பிய பட்டியலைப் பிரித்தால் 450 ஆப்ஜெக்டும் புதுசு. வரிக்கு முழு ஆப்ஜெக்டைக் கொடுத்திருந்தால் 450 மெமோவும் தோற்றுப்போகும். பெயர், எடை, விலை என்று தனித்தனி எண்ணும் எழுத்துமாகக் கொடுத்தால் தப்பிக்கலாம். அல்லது மாறாத வரிகளுக்குப் பழைய ஆப்ஜெக்டையே வைத்துக்கொள்ளலாம். பல கம்போனென்டுக்கும் பொதுவாகத் தகவல் தரும் கான்டெக்ஸ்ட் பயன்படுத்தினால் அதையும் பாருங்கள். உள்நுழைந்தவர் பெயர், மொழி, இணைப்பு நிலை, கடிகாரம் எல்லாவற்றையும் ஒரே கான்டெக்ஸ்டில் திணித்திருந்தால், கடிகாரம் நகரும் ஒவ்வொரு நொடியும் அதைப் படிக்கிற அத்தனை வரியும் ஓடும். அந்த வழியை மெமோவால் அடைக்க முடியாது.

2025 அக்டோபரில் ரியாக்ட் கம்பைலரின் 1.0 பதிப்பு வந்தது. மெமோ வேலைகளில் பெரும்பகுதியை அதுவே பார்த்துக்கொள்கிறது. உங்கள் ப்ராஜெக்டில் சேர்க்க முடிந்தால் சேருங்கள், எனக்கு அதன் மேல் நம்பிக்கை உண்டு. ஆனால் 450 மெனுவை அது ஒன்றாக்காது, 450 கோரிக்கையை நிறுத்தாது. அதனால் வரிசையை மாற்றாதீர்கள்.

எந்த வரி எது என்று ரியாக்ட் அடையாளம் காணும் கீ பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை, ஏனென்றால் இது வேகத்தைவிடப் பெரிய விஷயம். வரிகளுக்குக் கீயாக 0, 1, 2 என்று வரிசை எண்ணைக் கொடுத்திருக்கிறீர்களா? ஏலத்தில் புதுச் சரக்கு பட்டியலின் மேலேதான் வந்து சேரும். அப்போது எல்லா வரியும் ஓர் இடம் கீழே இறங்கும். ரியாக்டோ வரிசை எண்ணைப் பார்த்து ‘இது பழைய முதல் வரிதான், உள்ளடக்கம் மாறியிருக்கிறது’ என்று நினைத்து 450 வரியையும் திருத்தும். அது வேகத்தின் நஷ்டம். தரகர் சீலா வரியில் விலையைப் பாதி அடித்துக்கொண்டிருக்கும்போது மேலே ஒரு சங்காயக் குவியல் வந்து சேர்ந்தால், அவர் பாதி அடித்த விலை வேறொரு மீனின் வரியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அது பணத்தின் நஷ்டம், உங்கள் மேல் அவர் வைத்த நம்பிக்கையின் நஷ்டம். டேட்டாபேஸில் அந்தச் சரக்குக்கு இருக்கும் எண்ணையே கீயாகக் கொடுங்கள். இதை இன்றைக்கே பாருங்கள்.

இனி ‘எத்தனை’ என்பது. திரையில் ஒரே நேரத்தில் எட்டு வரிதான் தெரியும், 450-ஐ எதற்கு வரைய வேண்டும் என்று கேட்பீர்கள். தெரியும் வரிகளை மட்டும் வரைகிற விண்டோயிங் லைப்ரரிகள் இருக்கின்றன, நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் பக்கத்துக்குள் தேடினால் வரையாத வரி அகப்படாது. அச்செடுத்தால் எட்டு வரிதான் வரும். நீளமான ஸ்க்ரீன்ஷாட் எடுத்து சம்மாட்டிக்கு (படகு உரிமையாளருக்கு) வாட்ஸ்அப்பில் அனுப்புகிற பழக்கம் உங்கள் தரகர்களுக்கு இருந்தால் அதுவும் கெடலாம். சிஎஸ்எஸ்ஸில் கன்டென்ட்-விசிபிலிட்டி ஆட்டோ என்று ஒன்று உண்டு. திரைக்கு வெளியே இருப்பதை வரையும் வேலையை பிரவுசர் தள்ளிப்போடும், ஆனால் வரிகள் பக்கத்தில் இருக்கும். தேடினாலும் அகப்படும். ஜாவாஸ்கிரிப்ட் செலவை மட்டும் அது குறைக்காது.

என்னைக் கேட்டால் இரண்டுக்கும் முன்னால் வேறொன்றைச் செய்வேன். ஜெட்டியில் போய் அரை மணி நேரம் நின்று, தரகர் அந்தப் பக்கத்தை எப்படிப் பார்க்கிறார் என்று கவனிப்பேன். 450 வரியையும் யாராவது மேலிருந்து கீழே படிக்கிறார்களா? ஒருவர் தன் படகுகளைத்தான் தேடுவார். வியாபாரி தான் எடுத்த சரக்கை மட்டும் பார்ப்பார். அப்படியென்றால் படகு வாரியாக மடித்து வையுங்கள். 60 படகுக்கு 60 வரி, தட்டினால் அந்தப் படகின் ஏழெட்டு வரி திறக்கும். கோட் ஒரு வரிகூட நுணுக்கமாக மாறாமல் 6,300 என்பது சில நூறாகிவிடும். தரகருக்கும் விரல் நோகாது.

நண்பர் கை காட்டும் இடம் சரி என்றேனே, அதில் எது சரி என்று இப்போது சொல்கிறேன். வரிக்குள் இருக்கும் 14-ல் மீன் பெயர், எடை மாதிரி வெறும் எழுத்தைக் காட்டுகிறவை நான்கைந்தாவது இருக்கும். அவற்றுக்குக் கம்போனென்ட் தேவையில்லை. கிலோவை எழுதித் தருகிற ஒரு சாதாரண ஃபங்ஷனும் ஒரு ஸ்பான் டேகும் போதும். ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி இரண்டு டிவ் போட்டுக்கொண்டிருந்தால் அவையும் போகட்டும். உங்கள் பொத்தானும் அப்படித்தான் வளர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்: நிறம், அளவு, ஐகான், டூல்டிப், சுழலும் குறி, உறுதிப்படுத்தும் பெட்டி என்று எல்லா இடத்துக்கும் பொருந்த வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து. உள்நுழையும் பக்கத்தில் ஒரே ஒரு பொத்தான், அங்கே அது இருக்கட்டும். 450 தடவை வரும் இடத்தில் சாதாரண எச்டிஎம்எல் பொத்தானைப் போட்டு அதே சிஎஸ்எஸ் கிளாஸைக் கொடுங்கள். தோற்றம் ஒன்றாகவே இருக்கும். இரண்டு தடவை எழுதக் கூடாது என்ற உங்கள் பிடிவாதம் நல்ல பிடிவாதம். விலை எப்படிக் காட்ட வேண்டும் என்ற விதி ஓரிடத்தில் இருந்தால் போதும், அந்த விதி ஒரு ஃபங்ஷனாகவும் இருக்கலாம், சிஎஸ்எஸ் கிளாஸாகவும் இருக்கலாம். அதைக் காப்பாற்ற எப்போதும் கம்போனென்ட்தான் வேண்டும் என்பதில்லை.

இத்தனையும் சொன்ன பிறகு ஒன்று: நான் உங்கள் கோடைப் பார்க்கவில்லை. அளந்து பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள். முதலில், தரகர் போனில் ஓடுவது டெவலப்மென்ட் பில்டா (நாம் எழுதும்போது ஓட்டுவது), புரொடக்ஷன் பில்டா (பயன்படுத்துகிறவர்களுக்குக் கொடுப்பது) என்று பாருங்கள். டெவலப்மென்ட் பில்ட் தன்னைத் தானே சோதித்துக்கொண்டே ஓடும். ஸ்ட்ரிக்ட் மோடில் ஒவ்வொரு கம்போனென்டையும் இரண்டு தடவை கூப்பிடும். அது மெதுவாக இருப்பது இயல்பு. அவசரத்தில் டெவ் சர்வரையே போட்டுக் கொடுத்துவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம், உங்கள் லேப்டாப்பை நம்பாதீர்கள். தரகர் வைத்திருப்பது போன்ற ஒரு பழைய ஆண்ட்ராய்டு போனைக் கேட்டு வாங்குங்கள். யூஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்தால் அந்தப் போனில் ஓடும் பக்கத்தை லேப்டாப் குரோமிலிருந்தே அளக்கலாம். பெர்ஃபாமன்ஸ் தாவலில் பதிவு செய்துகொண்டு ‘நகரை’ என்று அடியுங்கள், எந்த ஃபங்ஷன் எவ்வளவு நேரம் தின்றது என்று தெரியும். ரியாக்ட் டெவ்டூல்ஸின் ப்ரொஃபைலர் எந்தக் கம்போனென்ட் எதனால் மறுபடி ஓடியது என்பதையும் சொல்லும். நெட்வொர்க் தாவலில் கோரிக்கைகளை எண்ணுங்கள். நான் சொன்ன ஊகம் சரியா தப்பா என்று பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

ஐந்து வாரம் என்றீர்கள். நம் கரையில் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், விசைப்படகுக்குத்தான். நாட்டுப்படகு ஓடிக்கொண்டுதான் இருக்கும், உங்கள் தரகர்கள் இப்போதும் அந்தச் சரக்கைப் பதிந்துகொண்டிருப்பார்கள். அதனால் இப்போது பட்டியல் சின்னதாக இருக்கும். எதை மாற்றினாலும் ‘ஆகா, வேகமாகிவிட்டது’ என்று தோன்றும். அதில் ஏமாந்துவிடாதீர்கள். மார்ச் மாதத்தில் சரக்கு அதிகம் வந்த ஒரு நாளின் பதிவை எடுத்து, வியாபாரிகளின் பெயரை மாற்றிவிட்டுச் சோதனைக்கு வையுங்கள். முதல் வாரம் அளப்பதும் கீயும் சர்வர் கோரிக்கையும். இரண்டாம் வாரம் மெனு. மூன்றாம் வாரம் தேடும் பெட்டியும் மெமோவும். படகு வாரியாக மடிப்பதற்கு முன்னால் இரண்டு தரகரிடமாவது ஒரு தாளில் வரைந்து காட்டிக் கேளுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் அதே போனில் அதே ‘நகரை’யை அடித்து, நேரத்தைக் குறித்து வையுங்கள்.

தடை முடிந்து முதல் தடவை போய்த் திரும்பும் படகுகளில் சரக்கு நிறைய இருக்கும். அதனால் கடைசி வாரத்தில் அந்த மார்ச் நாளை இரட்டிப்பாக்கி 900 வரியாக வைத்துப் பாருங்கள். அதில் எழுத்து தயங்காமல் வந்தால், அந்தப் போனைத் தரகர் கையிலேயே கொடுத்து அவரை அடிக்கச் சொல்லுங்கள். ஈரக் கையோடு, வெயிலில். வந்த எண்களை எனக்கும் எழுதுங்கள் தம்பி, பார்த்துச் சொல்கிறேன்.